பதினொரு கிலோ

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் முன் எல்லோரும் ஒரு முறை தெருவை எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டார் வைத்திருந்தால் இன்று குப்பை நாள்தான் என்று ஒரு நிம்மதி. நகராட்சியின் துப்புரவுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இப்படி எட்டிப் பார்க்காத வீட்டை நான் கண்டதில்லை.

போன வாரம் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போன அதிகாரி நல்ல மனிதர். ஆனால் அவசரக்காரர். நான் சொல்லாத ஒரு சொல்லை அவராகவே சேர்த்திருந்தார்: ‘பதற்றத்தில்’. அதை அடித்துவிட வேண்டும் என்றுதான் உங்களை வரச் சொன்னேன். நான் பதறவில்லை. என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன், என் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் எதுவும் புரியாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் சக்கரம் வைத்த ஒரு தொட்டி. அதன் விளிம்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிப் பதித்திருக்கிறோம். வண்டியின் இரும்புக் கை தொட்டியைத் தூக்கும்போது இரண்டு விஷயங்கள் பதிவாகும்: அது யார் வீட்டுத் தொட்டி, உள்ளே எத்தனை கிலோ. எந்தத் தெருவில் குப்பை அதிகம், எங்கே பெரிய வண்டி அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் இதை வைத்தோம். ஒரு நாள் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. உயிரோடு இருக்கும் மனிதர் குப்பை போடாமல் இருக்க முடியாது. ஒருவர் தொட்டி வெளியே வந்தால் அவர் நடமாடுகிறார் என்று பொருள். வராவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான் திட்டம். தனியாக வாழும் முதியவர்களின் தொட்டிகளை மட்டும் ஒரு பட்டியலாகப் பிரித்தேன். வண்டி தூக்கினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. தூக்காவிட்டால் சிவப்பு, அலுவலகத்தில் மணி அடிக்கும், அரை மணி நேரத்துக்குள் ஒரு குழு போய்க் கதவைத் தட்டும்.

எங்கள் வண்டி ஓட்டுநரை எல்லோரும் ‘பிரேக்’ என்றுதான் கூப்பிடுவோம். பூனை குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி, அது போகும்வரை காத்திருப்பார். அவரிடம் முதல் நாள் இதை விளக்கியபோது தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

“சார், அப்ப நான் இனிமே குப்பை அள்ளுறவனா, டாக்டரா?”

“ரெண்டும்தான்.”

“அப்ப ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் குடுங்க. கழுத்துல மாட்டிக்கிறேன். வீட்டுல மதிப்பாங்க.”

ஒரு சிறு ஓட்டையையும் நானே அடைத்தேன். நல்ல மனம் படைத்த அக்கம்பக்கத்தார், வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது அவர் தொட்டியை வெறுமனே தள்ளி வெளியே வைத்துவிடுவார்கள். அதனால் இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் பச்சை விழாது என்று விதி வைத்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதற்கு முன் இந்த வேலையை நலம் விசாரிப்புப் பிரிவில் நான்கு பெண்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நாளைக்கு ஒரு முறை போய், சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு வருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் ஐம்பது வீடு அம்போ. தொட்டிக்குக் காய்ச்சல் வராது, மகளுக்குப் பிரசவம் என்று விடுப்பு எடுக்காது.

நால்வரில் மூத்தவரை நகர்மன்றத் தலைவர்கூடப் ‘பெரியக்கா’ என்றுதான் அழைப்பார். அவர்தான் என்னைத் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்.

“ஏன் தம்பி, வண்டி வாரத்துக்கு ஒரு தடவதானே வருது? செவ்வாய்க்கிழம குப்பைய வச்சுட்டு புதன்கிழம விழுந்தவங்க என்ன பண்ணுவாங்க? அடுத்த குப்பை வண்டி வர்றவரைக்கும் தரையிலயே கெடக்கணுமா?”

“அப்படி எதுவும் நடக்கலையே அக்கா.”

“நடந்துட்டா?”

“ஒருத்தர் ரெண்டு நாளைக்கு மேல யாரும் கவனிக்காம கெடந்தார்னா, திட்டத்த நானே திரும்ப வாங்கிக்கிறேன். போதுமா?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. மன்றம் அதை அப்படியே நிபந்தனையாக எழுதிக்கொண்டது. நகரத்தின் பாதியில் ஆறு மாதம் சோதனை. அந்தப் பாதியில் வீட்டுக்கு வீடு போவது நிறுத்தப்படும். நிபந்தனை மீறப்படாவிட்டால், ஆறு மாத முடிவில் வாக்கெடுத்து நகரம் முழுக்க விரிவாக்கலாம். நான்கு பெண்களையும் குப்பை பிரிக்கும் கூடத்துக்கு மாற்றலாம்.

ஆறு மாதத்தில் ஏழு சிவப்பு. ஐந்து பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். ஒருவர் மறந்துவிட்டார். இன்னொருவர் முந்தின இரவிலிருந்து காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். குழு போய்த் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. இன்று அவர் பேரனோடு கேரம் விளையாடுகிறார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் திட்டம் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

பட்டியலில் முதல் பெயர் என் மனைவியின் சித்தி. நகராட்சிப் படிப்பகத்தில் முப்பது வருடம் புத்தகம் அடுக்கியவர். கையெல்லாம் மூட்டுவாதம், காது கொஞ்சம் மந்தம். தெருவின் கடைசி வீடு. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் விளக்கினால் முழுதாகக் கேட்கும் ஒரே ஆள் அவர்தான். சிப் பதித்த அன்று சிரித்தார்.

“அப்ப நான் போய்ச் சேந்தா என் குப்பைதான் மொதல்ல சொல்லும். அப்படித்தானே மாப்பிள்ளை?”

“சொல்றதுக்கு முன்னாடியே வந்துருவோம் சித்தி.”

வாக்கெடுப்பு ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதற்கு முந்தின நாள் கடைசிச் சோதனை நாள். வண்டி ஆறு மணிக்குக் கிளம்பும். எதுவும் பிசகக்கூடாது என்று ஐந்தரைக்கே தெருக்களை ஒரு சுற்று நடந்தேன். எல்லாத் தொட்டிகளும் வரிசையாக நின்றன. சித்தி வீட்டு வாசல் மட்டும் காலியாக இருந்தது. அவர் முந்தின மாலையே வைத்துவிடுகிறவர்.

சுற்றுச்சுவரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வீட்டின் பின்புறம் போனேன். தொட்டி சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்றது. கொடியில் அவருடைய துணிகள் கிடந்தன; மழையில் நனைந்து, காய்ந்து, முறுகலாக. மழை பெய்தது சனிக்கிழமை மாலை. தூறல் விழும் முன்பே துணியை எடுத்துவிடுகிறவர் அவர். அப்படியானால் சனிக்கிழமை மாலைக்கு முன்பே விழுந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை என்றால் இரண்டு நாள் தாண்டிவிட்டது. பெரியக்காவின் ஆட்கள் பழையபடி வந்துகொண்டிருந்தால் ஞாயிறு அல்லது திங்களிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தொட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அரைக் கிலோ தேறும். இரண்டு கிலோ விதி நினைவுக்கு வந்தது. படியில் ரோஜாச் செடி வைத்த மண்சட்டி ஒன்று இருந்தது. அதைத் தூக்கி உள்ளே வைத்தேன். உடையாமல், நிமிர்த்தி, சுற்றிலும் பழைய செய்தித்தாளைச் செருகி. பதறியவன் செய்தித்தாள் செருக மாட்டான். பிறகு மூடியைச் சாத்தி, தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வாசலில், கைப்பிடி வீட்டைப் பார்க்க, முறைப்படி நிறுத்தினேன்.

ஆறே முக்காலுக்குப் பச்சை விழுந்தது. ‘பிரேக்’ போன் செய்தார்.

“சித்தியம்மா தொட்டி இன்னிக்கு நல்ல கனம் சார். வீட்ட ஒதுக்குறாங்களோ?”

“இருக்கும்” என்றேன்.

அன்று மாலை என் மனைவி கையில் போனோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

“நாலு தடவ அடிச்சிட்டேன். சித்தி எடுக்கவே இல்லங்க.”

“அவங்க என்னிக்கு மொதல் மணியில எடுத்திருக்காங்க?”

“இல்ல, மனசு ஒரு மாதிரியா இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

பட்டியலைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். முதல் பெயர், பச்சைப் புள்ளி, காலை ஆறு நாற்பத்தைந்து.

“இன்னிக்குக் காலையில தொட்டிய வெளிய வச்சிருக்காங்க. பாரு.”

அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. “நல்ல வேளை, நீங்க இதக் கண்டுபிடிச்சீங்க” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். ஒரு திட்டத்தின் மீது மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை வரலாம் என்பதை நான் அன்றுதான் முழுதாகக் கண்டேன்.

மறுநாள் மன்றத்தில் பெரியக்கா பேசினார். நன்றாகவே பேசினார்.

“நான் ஒரு வீட்டுக்குப் போனா அந்தம்மா மூஞ்சியப் பாத்தே ராத்திரி தூங்கலன்னு சொல்லிடுவேன். இந்தப் புள்ளி அதச் சொல்லுமா? தொட்டி வாசலுக்கு வந்தா ஆளு நல்லா இருக்காங்கன்னு யாரு சொன்னது?”

நான் எழுந்து ஆறு மாதப் பட்டியலைப் படித்தேன். நிபந்தனை ஒருமுறைகூட மீறப்படவில்லை என்றேன். பதினேழு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. திட்டம் நிறைவேறியது. பெரியக்கா என்னிடம் வந்து கைகொடுத்தார். “நீ ஜெயிச்சுட்ட தம்பி. என் ஆளுங்கள மட்டும் கூடத்துல நல்லா பாத்துக்கோ” என்றார். பண்பான மனுஷி.

வாக்கெடுப்பு முடிந்ததும் நேரே சித்தி வீட்டுக்குப் போய்விடுவது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மன்றத்தின் படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. முந்தின நாள் தொட்டி வைத்தவர் சனிக்கிழமையிலிருந்து தரையில் கிடக்க முடியாது. போய்த் திறந்தால், தொட்டியை யார் வைத்தது என்ற கேள்வி வரும். நானாகப் போய்ப் பார்த்தேன் என்றால், திட்டம் எதற்கு என்ற கேள்வியும் வரும். அவரைத் திட்டம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முறைப்படி, அடுத்த செவ்வாய்க்கிழமை.

இடையில் வியாழக்கிழமை மனைவி மறுபடி போனை எடுத்தாள். வரும் வழியில் பார்த்துவிட்டு வந்தேன், நன்றாக இருக்கிறார், போன்தான் பழுது என்றேன். இந்த விஷயத்தில் நான் வாயால் சொன்ன பொய் இது ஒன்றுதான். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அதையே திரும்பச் சொன்னேன். அதைத் தனிப் பொய்யாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பத்தாறுக்குச் சிவப்பு விழுந்தது. ஏழு மணி மூன்று நிமிடத்துக்குக் குழு கதவை உடைத்தது. பதினேழு நிமிடம். சோதனைக் காலத்தில்கூட அவ்வளவு விரைவாக நாங்கள் போனதில்லை.

சமையலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் போனது முந்தின வாரம் புதன் இரவோ வியாழன் காலையோ என்று மருத்துவர் எழுதினார். வாக்கெடுப்பு முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார் என்று அந்த அதிகாரி என்னிடம் இரண்டு தடவை சொன்னார். எனக்கும் கூட்டத் தெரியும்.

தொட்டி விஷயத்தைக் கண்டுபிடித்தது பெரியக்காதான். சாவு வீட்டிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்து பட்டியலைக் கேட்டார். முந்தின செவ்வாயின் பச்சையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். எல்லா வாரமும் இரண்டரை, மூன்று. அந்த வாரம் பதினொன்று. மழையில் ஊறிய மண் அவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கவனத்தில் வரவில்லை.

“அந்தம்மா டம்ளரையே ரெண்டு கையால புடிச்சுத்தான் குடிப்பாங்க. பதினோரு கிலோவ யாரு தம்பி தள்ளினது?”

கேள்வி சரியானது என்பதால் பதில் சொன்னேன். மறைக்க முயலவில்லை. பெரியக்கா இதை ஏதோ தன் வெற்றிபோல் நினைக்கிறார். என் பட்டியல் இல்லாவிட்டால் அவரிடம் அந்த எண்ணே இருந்திருக்காது. யார் தவறு செய்தாலும், அமைத்தவனே செய்தாலும், அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு திட்டத்திடம் இதற்கு மேல் என்ன கேட்கிறீர்கள்? மன்றம் அதை நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தவறான முடிவு. தொட்டியை நகர்த்தியது நான். திட்டம் அல்ல.

என் மனைவி ஒரே ஒரு முறை என்னைப் பார்க்க வந்தாள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஜன்னலுக்குக் கீழதானே நின்னீங்க. உள்ளேருந்து சத்தம் ஏதாவது கேட்டுச்சா?”

இதை அந்த அதிகாரி என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சித்தி இறந்துவிட்டதாக நான் எண்ணினேன் என்று அவராகவே எழுதிக்கொண்டார். அதையும் திருத்திவிடுங்கள்.

“கேட்டுச்சு” என்றேன். அவளுக்குப் புரியட்டும் என்று விளக்கினேன். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு தொட்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது. இரும்புக் குழாய். உள்ளே மெதுவாகத் தட்டினாலும் வெளியே துல்லியமாகக் கேட்கும். டம்ளரால் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. நினைவு தப்பியவர் அப்படி ஒழுங்காகத் தட்ட மாட்டார். நான் தொட்டியை உருட்ட ஆரம்பித்ததும் தட்டுவது நின்றுவிட்டது. சக்கரச் சத்தம் கேட்டு, யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அவள் எழுந்து போய்விட்டாள். பாதி விளக்கத்தில் எழுந்து போவது அவள் வழக்கமில்லை. மீதியை உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை அவர் உயிரோடு இருந்தார். என் காதாலேயே கேட்டேன். பட்டியலும் அன்று அதையேதான் சொன்னது. அதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.