மேகம் போய்க்கொண்டிருக்கிறது

என் தங்கை வீடு இங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். மைக்ரோவேவ் அலைக்கு ஒரு நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு போதும். இருந்தும் எட்டு வருஷமாக என்னால் அந்த வீட்டோடு ஒரு முழுத் தொடர்பை முடிக்க முடியவில்லை. எங்கே தவறு என்று தெரியாமல் நான் தவித்தது கொஞ்சமல்ல.

ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள், ஐயா. அதனால் அலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் எடைக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டு கிராம் பிசகினாலும் முத்திரை வைக்க மாட்டேன். ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே வானொலியில் தொடர்பு கொள்வது, என் பொழுதுபோக்கு. தங்கையின் கணவரையும் நான்தான் அதில் இழுத்துவிட்டேன். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் குழிக்குள் தொங்கிக்கொண்டே டீ குடிப்பார். உயரத்துக்குப் பயமில்லை, இடிக்கு மட்டும் பயம். நியாயமான பயம்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மலை. மைக்ரோவேவ் அலை டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும், மலையில் முட்டி நின்றுவிடும். இங்கேதான் வானிலை உதவிக்கு வருகிறது. கனமழை அலையை விழுங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே மழை அலையைச் சிதறடிக்கவும் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. மழையில் வரும் லாரியின் முகப்பு வெளிச்சம் அது திரும்பி வருவதற்கு முன்பே வளைவில் மங்கலாகத் தெரியும் அல்லவா, அது போல. மலையைவிட உயரமான இடிமேகம் ஒன்று வந்தால் இரண்டு பேரும் டிஷ்ஷை அதன் மேல் திருப்பினால் போதும். நடுவில் எத்தனை பெரிய மலை இருந்தாலும் கவலையில்லை.

இன்னொரு அழகும் உண்டு. மேகம் நெருங்கி வந்தால் சிக்னல் சத்தத்தின் சுருதி சற்றுக் கூடும், விலகிப் போனால் குறையும். ஆம்புலன்ஸ் சைரன் போலத்தான். ஆனால் அதை அளக்க நகராத கருவி வேண்டும். மாப்பிள்ளையின் ரேடியோப் பெட்டி வெயிலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று காட்டும். என்னுடையது ஒரு ஹெர்ட்ஸ்கூட அசையாது. அதனால் மேகம் வருகிறதா போகிறதா என்று அவர் வானத்தைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் கேட்பார்.

முழுத் தொடர்பு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் அழைப்புக்குறியைப் பரிமாற வேண்டும், சிக்னல் அளவைப் பரிமாற வேண்டும், கடைசியில் 'பெற்றேன்' என்று இருவரும் சொல்ல வேண்டும். எல்லாம் மைக்ரோவேவ் வழியாகவே, மோர்ஸ் தந்திக் குறிகளில். பக்கத்தில் வாக்கி-டாக்கியில், மலை உச்சியிலுள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசிக்கொள்ளலாம், டிஷ்ஷை எங்கே திருப்புவது என்று கேட்கலாம். ஆனால் அளவை வாக்கியில் சொன்னால் அது ஏமாற்று.

மூன்று முறை மேகம் வந்தது. மூன்று முறையும் பாதியில் நின்றது. எங்கே தவறு என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மேகம் அவர் வீட்டை நெருங்கும்போதுதான் சிக்னல் ஏறுகிறது. அப்போதுதான் முதல் இடி கேட்கிறது. முதல் இடிக்கு அவர் இறங்கிவிடுகிறார்.

அன்று மாலை நான்கு மணிக்கு மேகம் வடக்கே எழுந்தது. அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் இரும்பு முக்காலி, அதன் மேல் டிஷ். ஏறிவிட்டு வாக்கியில் கூப்பிட்டார்.

"மச்சான், உங்க தங்கச்சி கூப்பிட்டாகூட நான் இவ்வளவு வேகமா ஏறுனதில்ல."

"அவ கேட்டுட்டுதான் இருப்பா, மாப்பிள்ளை."

"கேட்டுட்டுதான் இருக்கேன்ணா," என்று பின்னால் தங்கையின் குரல். "டீ ஆறுது. அவர சீக்கிரம் அனுப்பிவை."

சிக்னல் வந்தது. சீறலும் கரகரப்புமாக, ஆனால் படிக்க முடிந்தது. சுருதி முந்நூறு ஹெர்ட்ஸ் கூடுதலாக இருந்தது. அழைப்புக்குறிகள் முடிந்தன. என் அளவை அனுப்பினேன். அவர் அளவு வந்தது. 'பெற்றேன்' மட்டும் பாக்கி.

"மச்சான், இடி கிட்டக் கேக்குதே. வருதா, போகுதா?"

"சுருதி குறைஞ்சிருக்கு, மாப்பிள்ளை. போயிட்டிருக்கு. மலையில எதிரொலிக்குது, அவ்வளவுதான்."

"நிச்சயமா?"

"என் பெட்டி என்னிக்குப் பொய் சொல்லியிருக்கு?"

அது உண்மை. என் பெட்டி சொல்லவில்லை.

"உங்க அளவு பாதிதான் காதுல விழுந்துச்சு. என்னன்னு சொல்லிடுங்களேன், இறங்கிடறேன்."

"வாக்கியில சொன்னா ஏமாத்துன்னு உங்களுக்கே தெரியும். திரும்ப அனுப்பறேன், இருங்க."

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த எண்ணை நான் சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பார். நான் சொல்லவில்லை. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மூன்று முறை திரும்ப அனுப்பினேன். நான்கு இருபத்தொன்றுக்கு அவருடைய 'பெற்றேன்' வந்தது, மிகத் தெளிவாக. என்னுடையதை அனுப்பினேன். நான்கு இருபத்திரண்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் நின்றது. மின்னல் இரும்பைத்தான் தேடும், அது யார் தவறும் அல்ல.

மூன்றாம் நாள் தங்கையிடம் அவர் குறிப்பு நோட்டைக் கேட்டேன். இரண்டு பேர் நோட்டிலும் ஒரே நேரம் இருந்தால்தான் தொடர்பு செல்லும். நோட்டு நனைந்திருந்தது. நல்லவேளை, அவர் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். 4.21. பொருந்தியது.

தங்கை நோட்டை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணா, மேகம் வந்துட்டிருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. முந்நூறு ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு எவ்வளவு தூரம் என்றும் விளக்கினேன். அவள் பாதியிலேயே எழுந்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்யப் போய்விட்டாள். அன்று பேசியதையெல்லாம் நான் பதிவு செய்திருந்தேன்; அந்த ஒலிப்பதிவை நானே உங்கள் கான்ஸ்டபிளிடம் கொடுத்தேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை, சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஹாம் விதிகளில் அளவைப் பற்றி இருக்கிறது, நேரத்தைப் பற்றி இருக்கிறது. மேகத்தைப் பற்றி எதுவும் இல்லை. தொடர்பு செல்லும் என்றே நினைக்கிறேன்.

எட்டு வருஷக் கேள்விக்கு விடை இதுதான், வேறு யாராவது முயல்வதானால் பயன்படும். மேகம் எதிர்முனையின் தலைக்கு மேல் வர வேண்டும். அங்கே இருப்பவர் இறங்காமல் நிற்க வேண்டும். அதற்கு, அது போய்க்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொன்னால் போதும்.