புஸ்தகத்துல இல்லாத சொல்லு

ரோட்டப் பாரு தம்பி. என் மடியப் பாக்காத. புஸ்தகம்தான், வெடிகுண்டு இல்ல.

ஆமா, படிச்சேன். மூணு தடவ. ஏன் சிரிக்கற? ஆடு மேய்க்கறவன் படிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா? சரி, ஒத்துக்கறேன், நான் படிக்கற ஆளு இல்ல. இதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சது ரேடியோப் பெட்டிக்குள்ள வந்த தாளு. அதுவும் ரேடியோ பாடல, அதனால.

மேய்ச்சல் நிலத்தில் ஓநாயும் மனிதரும். அதான் தலைப்பு. பல்கலைக்கழகத்துல அச்சடிச்சது. கனத்தப் பாரு, கையில வாங்கிப் பா... வேணாம். நீ ஸ்டியரிங்கப் பிடி.

எனக்குப் பேச்சு பிடிக்காது தம்பி. முன் சீட்டுல வந்து உக்காந்ததே பின்னாடி பொம்பளைங்க பேசுவாங்கன்னுதான். இப்ப அவங்க தூங்கறாங்க, நீ பேசற. என் நேரம்.

எப்பப் போய்ச் சேருவோம்? பாத்தியா, இப்ப சாப்பாட்டு நேரம் தாண்டிரும்ங்கற. காலையில நாரின்ல வண்டி நெறையற வரைக்கும் என்னக் குந்த வெச்சிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடியே பிஷ்கெக்ன்ன. ரெண்டு மணிக்கு நான் அங்க இருந்தாகணும். எங்கயா? பல்கலைக்கழகத்துல. படிக்கவா போறேன்? ஒரு சோலி.

இந்தப் புஸ்தகத்த எழுதினவ இன்னிக்கு ஆய்வுச் சபை முன்னாடி நின்னு பேசப் போறா. மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லிட்டான்னா முனைவரு.

யாரா? என் மருமக. பெரிசாத். சின்னவன் எர்மெக் பொண்டாட்டி.

இப்ப என்ன திடீர்னு மரியாதையாப் பாக்கற? அவதான எழுதினா. நானா எழுதினேன்?

புஸ்தகம் எப்படின்னு கேக்காத, கோவம் வருது. முழுக்க எங்க மலையப் பத்தித்தான். எங்க ஆடு, எங்க புல்லு, எங்க ஓநாய். ரெண்டு கோடை எங்க கூடாரத்துலயே இருந்து பாத்து எழுதினா. நல்லாத்தான் பாத்திருக்கா. ஆனா அந்த பாஷை இருக்கே! ஒரு நாளு பட்டிகிட்ட ஓநாய் வந்துச்சு. நான் வெளிய போயி அதோட ஆத்தாளையும் அப்பனையும் இழுத்துத் திட்டினேன். அவ்வளவுதான் நடந்துச்சு. புஸ்தகத்துல அதுக்கு என்ன பேரு தெரியுமா? ஒலிவழித் தடுப்பு. ஒரு கல்ல எடுத்து வீசினேன். அதுக்கு எல்லை உணர்த்தல்னு பேரு. சுட்டிருப்பேன், துப்பாக்கியில தோட்டா இல்ல. அதுக்கு என்ன போட்டிருக்கா? மரபுசார் சகிப்பு. தோட்டா இல்லாததுக்குப் பேருடா அது!

என் பேர எங்கயும் போடல. ஒரு முதிய மேய்ப்பர் கூறினார், ஒரு முதிய மேய்ப்பர் கூறினார்னு முந்நூறு பக்கமும் நானே கூறிக்கிட்டிருக்கேன். வாழ்க்கையில நான் அவ்வளவு பேசினதே இல்ல.

தப்பா எழுதியிருக்காளான்னா, இல்ல. ஒண்ணும் தப்பு இல்ல. அதான் கோவம். ஓநாய் இல்லாத மேய்ச்சக் காட்டுல ஆடு நின்ன எடத்துலயே நிக்கும். வேரோட தின்னுட்டு மண்ண மட்டும் விட்டு வைக்கும். ஓநாய் இருந்தா ஆடும் நகரும், ஆளும் நகருவான், புல்லு திரும்ப வரும். இது எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். வாயத் தொறந்து ஒத்துக்க மாட்டோம். ஓநாய நல்லவன்னு சொன்னா மறுநாளே பட்டிக்கு வந்து நன்றி சொல்லும், அதான்.

என்ன, இங்க எதுக்கு மெதுவாப் போற? சம்சாக் கடையா? நிறுத்தாத. பசிச்சா இந்தா, குருத் வெச்சிருக்கேன். ரெண்டு உருண்டை எடுத்து வாயில ஒதுக்கிக்க. உப்பாத்தான் இருக்கும், தயிரு காஞ்சா அப்படித்தான். வாயில குருத் இருந்தாப் பேச வராது. அதுக்குத்தான் குடுக்கறேன்.

பயமாவா? இருக்கு. ஏன் இல்ல? வசந்த காலத்துல இதே மாதிரி ஒரு தரம் பேசப் போயிக் கவுந்துட்டு வந்தவதான. அது ஒத்திகை, துறைக்காரங்க முன்னாடி. எர்மெக் பின் பெஞ்சுல இருந்து பாத்துட்டு வந்து சொன்னான். எந்திரிச்சா, படம் காட்டினா, நல்லாத்தான் ஆரம்பிச்சா. ஓநாய்ங்கற ஒரு சொல்லு மட்டும் வாயில வரல. எழுதறதுக்கு வருது. பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கா. வாயத் தொறந்து சொல்லணும்னா வரல. சாம்பல் நிறத்தவருன்னா. ஊளையிடறவருன்னா. அவங்க வந்தாங்க, ரெண்டு ஆட்ட எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு அவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்கா. அங்க ஒரு கெழட்டுப் பேராசிரியர் கையத் தூக்கி, ஏம்மா, யாரு அவங்க, பக்கத்து ஊர்க்காரங்களா, போலீஸ்ல சொன்னீங்களான்னு கேட்டாராம். அறையே சிரிச்சிருச்சு. தாளெல்லாம் கீழ கொட்டிட்டு வெளிய ஓடிட்டா. ஆராய்ச்சி பண்ற மிருகத்தோட பேரே வாயில வராதவளுக்கு என்னத்துக்குப் பட்டம்னு துறைத் தலைவரு கேட்டிருக்காரு. சபைக்கு ஒரே ஒரு தரம் விடறோம், அங்கயும் இப்படின்னா இந்த ஓநாய மறந்துருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அந்த ஒரு தரம் இன்னிக்கு. இப்பப் புரியுதா நான் ஏன் வேகமாப் போன்னு...

பிரேக்! பிரேக்!

ஆடு. ரோடு பூரா. மேலேர்ந்து எறங்கற பருவம், இப்பத்தான் வரணுமா இவன்? ஹாரன் அடிக்காதடா! அடிச்சா செதறும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிக்கிட்டிருப்போம். இரு. நான் எறங்கறேன்.

ஏய்! ஓரமாப் போ! உன் ஆத்தா வயித்துல... போ! போங்கறேன்ல! யோவ், நீயெல்லாம் மேய்க்கறவனா? முன்னாடி ஒரு வெள்ளாட்ட விட்டுப் பழக்க மாட்டே? நடுரோட்டுல குதிர மேல தூங்கிக்கிட்டு வர்ற!

ம். எடு, மெதுவா. வழி விடும். கேட்டல்ல? அதான் ஒலிவழித் தடுப்பு.

என்ன கேட்ட? திக்குவாயா? என் மருமகளா? ஒரு தடவ அவகூட வாதாடிப் பாரு, யாரு திக்கறதுன்னு தெரியும்.

உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? உன் பொண்டாட்டி உங்கப்பன் பேரச் சொல்லுவாளா? சொல்லுவா, டவுன்காரி. எங்க பக்கம் மாமனாரு பேர மருமக வாயில எடுக்க மாட்டா. அந்தப் பேருக்குள்ள என்ன சொல்லு இருக்கோ அதையும் எடுக்க மாட்டா. என் கூடப் பொறந்த தம்பி பேரு தாஷ்டான், அதுல கல்லு இருக்கு. அவன் மருமக கல்லு தடுக்கி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டாலும், கெட்டியா ஏதோ இடறிருச்சுன்னுதான் சொல்லுவா. கல்லுங்கற சொல்லு வராது.

இப்பக் கேளு, என் பேரு என்னன்னு.

பொரூபெக்.

ம். அந்தப் பொரூதான், ஓநாய்தான். எனக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கல. ஓநாய்ன்னு வெச்சாச் சாவு கிட்ட வராதுன்னு எங்கப்பன் வெச்சான். சாவு பயந்துச்சோ என்னமோ, மருமக பயந்துட்டா.

சிரி. சிரிச்சுத் தொலை. ரோட்டப் பாத்துச் சிரி.

இல்லப்பா, அவ ஓநாய ஆராய்ச்சிக்கு எடுத்தது கல்யாணத்துக்கு முன்னாடியே. பக்கத்து மலைப் பொண்ணு. ஓநாயப் பத்தி விசாரிக்கன்னு எங்க கூடாரத்துக்கு வந்தா. எர்மெக் வழி காட்டறேன்னு கூடவே போனான். எது வரைக்கும் காட்டினான் பாரு அந்தப் பய.

ரஷ்ய மொழியில ஓநாய்க்கு வேற சொல்லு, அதுல சொல்லிட்டுப் போலாமேன்னு எல்லாருந்தான் சொன்னாங்க. மாட்டாளாம். மேய்க்கறவனப் பத்தின பேச்சு மேய்க்கறவனுக்குப் புரியற பாஷையிலதான் இருக்கணும்னு அவளே சண்டை போட்டு வாங்கினது. இருந்த ஒரு வழியையும் தானே அடைச்சிக்கிட்டா.

நான் அனுமதி குடுக்கலியான்னா கேக்கற? குடுத்தேனே! நேராக் கூப்பிட்டு ஒக்கார வெச்சு, பெரிசாத், நான் சொல்றேன், சொல்லிரு, ஒண்ணும் குடி முழுகாதுன்னேன். வாயத் தொறந்தா. பொ... அவ்வளவுதான். காதெல்லாம் செவந்து, கையில இருந்த டீயக் கவுத்துட்டா. மாமா, எனக்குப் பயமெல்லாம் இல்ல, உங்க மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நிக்குது, நாக்கு திரும்ப மாட்டேங்குதுன்னா. என் மூஞ்சியப் பாத்தா எனக்கே நாக்குத் திரும்பாது, அவளச் சொல்லி என்ன?

அப்ப என்ன பண்றது, நீயே சொல்லு. ஓநாய்க்கு வேற பேரு வைக்க முடியாது. புஸ்தகம் அச்சாயிருச்சு. அவ நாக்க மாத்த முடியாது. மிச்சம் யாரு?

ஆமா. நான்தான்.

அதுக்குத்தான் தம்பி இத மூணு தடவ படிச்சேன். அறிவு வரும்னா படிச்சேன்? இதுல எது இல்லன்னு பாக்கறதுக்கு. இந்தப் புஸ்தகத்துல இல்லாத சொல்லா ஒண்ணு புடிச்சு, அத என் பேரா வெச்சிக்கணும். இல்லேன்னா ஓநாய் தப்பிச்சு வேறெதாவது மாட்டிக்கும்.

சுலபம்னு நெனச்சேன். படுபாவி, எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கா! தெமிர்பெக்னு வெச்சிக்கலாம்னு பாத்தா, இரும்புப் பொறியப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்கு. கல்லு, பனி, புல்லு, காத்து, எதையும் விடல. சிங்கம்னு வெச்சிக்கலாம், எங்க மலையில ஏது சிங்கம்னு சந்தோசப்பட்டேன். பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல ஆப்பிரிக்காவுல சிங்கம் இப்படின்னு ஒரு குறிப்பு. சும்மா அசன்னு ஒரு பேரு வெச்சிட்டுப் போலாம்னா, கடைசிப் பக்கங்கள்ல பூரா படிச்ச ஆளுங்க பேரு வரிசையா நிக்குது, அதுல ஒரு அசனோவ். அவர் கருத்துப்படின்னு இவ ஆரம்பிக்கறப்போ நாக்கு மாட்டிக்கும். டிராக்டர்! எங்க ஊர்ல அந்தப் பேர்லயே ஒருத்தன் இருக்கான். அதுவும் இருக்கு, மேய்ச்ச நெலத்த உழுத கதையில.

மூணாவது தடவ படிக்கறப்பத்தான் பிடிபட்டுச்சு.

இரிஸ். அதிர்ஷ்டம். முந்நூறு பக்கத்துல ஒரு எடத்துல இல்ல. தேடித் தேடிப் பாத்தேன். ஏன் ஆடு தப்பிச்சுதுன்னா அதுக்கு ஒரு காரணம், ஏன் செத்துதுன்னா அதுக்கு ஒரு காரணம். நாங்க பொழைக்கறதே அத நம்பித்தான், அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டா. ஆய்வுப் புஸ்தகத்துல அதெல்லாம் போடக் கூடாதாமே? நல்லதாப் போச்சு. நான் எடுத்துக்கிட்டேன்.

இரிஸ்பெக். போன வாரம் பதிஞ்சாச்சு. பேரு பதியற ஆபீஸ்ல இருந்த பொண்ணு கேக்குது, ஏன் அய்யா, புதுசாப் பொண்ணு கின்னு பாத்திருக்கீங்களான்னு. வீட்டுக்காரிக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. கல்யாணமான நாள்லேர்ந்து அவளுக்கு நான் இந்தாங்கதான். இனிமேயும் இந்தாங்கதான்.

பெரிசாத்துக்குத் தெரியாது. போன்ல எப்படிச் சொல்றது? உனக்காகப் பேர மாத்திட்டேன்னா? தூ. அந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு வராது. அழுதுருவா. அப்புறம் நான் எங்க போயி நிக்கறது?

ம், பாலம் வந்துருச்சா? இன்னும் எவ்வளவு தூரம்? கெளப்பு, கெளப்பு.

தம்பி. ஒண்ணு சொல்றேன், செய்யறியா?

வாசல்ல எறக்கி விட்டுட்டு ஓடிராத. நான் மொதல்ல உள்ள போறேன். அவ அங்க வராண்டாவுல தாளக் கையில வெச்சிக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துக்கிட்டிருப்பா. இந்தப் புஸ்தகத்த சீட்டுலயே விட்டுட்டுப் போறேன். நீ எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வந்து, சத்தமா, அவ காதுல விழறாப்புல, இரிஸ்பெக் அய்யா, புஸ்தகத்த வண்டியில விட்டுட்டீங்கன்னு கூப்பிடு. அது போதும். புரிஞ்சிக்குவா. முனைவருக்குப் படிச்சவல்ல.

மொதத் தடவ கூப்பிட்டு நான் திரும்பலன்னா கோச்சுக்காத. இன்னொரு தடவ கூப்பிடு. இன்னும் பழகல.