கர்ஜத் – கண்டாலா ஸ்பெஷல்

செம்பூரில் நல்ல ஃபில்டர் காபி கிடைக்காது என்று எங்கள் மாட்டுங்காக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. அன்று மத்தியானம் ஹரியின் மனைவி விஜயலட்சுமி பெரிய ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்பிய காபி பிரமாதம். நான் இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டேன். மாரீஸ்வரன் சார், நீங்கள் தாராவியில் வளர்ந்த இன்ஸ்பெக்டர், அரை கிளாஸ் கட்டிங் சாயாதான் பிடிக்கும் என்றீர்கள். இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஹரிக்கும் மனக்கசப்பு எதுவும் கிடையாது.

உங்கள் கான்ஸ்டபிள் எங்களைப் பொம்மை ரயில் சங்கம் என்று எழுதிக்கொண்டார். திருத்தச் சொல்லுங்கள். பொம்மை என்பது குழந்தைகள் விளையாடுவது. இது மாதிரி ரயில். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனி ஹாலில் கூடுகிறோம். ஹால் முழுக்க ஒரே மேஜை, அதன்மேல் கர்ஜத்திலிருந்து கண்டாலா வரை மலைப்பாதை. மலைகள் ஆள் உயரம், பிளாஸ்டர் பூசியவை. அவற்றுக்கு நடுவே ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறோம். அதற்குக் கிணறு என்று பெயர். உள்ளே போக ஒரே வழி, மேஜையின் ஓரத்திலுள்ள தூக்குப் பலகை. மேஜைக்கு அடியில் நாலு பக்கமும் பிளைவுட் அடித்திருப்பதால் தவழ்ந்து போக முடியாது.

அந்தப் பலகையின் மேல்தான் மெயின் லைன் போகிறது. வண்டி வரும்போது யாராவது பலகையைத் தூக்கிவிட்டால் எஞ்சின் தரையில் விழும். அதனால் நான் ஒரு பூட்டு செய்து வைத்தேன். மலைப்பாதையில் வண்டி இருக்கும்வரை சிவப்பு விளக்கு எரியும், பலகை திறக்காது. வண்டி போனதும் தானாகத் திறந்துகொள்ளும்.

நான்தான் கண்ட்ரோலர். நான் சுவிட்சைத் தட்டாமல் அந்த மேஜையில் ஒரு வண்டி நகராது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒரு ஆயுள் முழுக்க வேலை பார்த்தேன், என்னைக் கேட்டு ஒரு ஃபேன்கூடச் சுற்றியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஹரி நல்ல மனிதன். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். வண்டி குகைக்குள் நுழையும்போது வாயாலேயே 'கூ' என்று ஊதுவான், எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு தரம் பேத்தி ஹரிதாவின் ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுவந்து கர்ஜத் பிளாட்பாரத்தில் நிறுத்தினான். அது ஸ்டேஷன் கூரையைவிட உயரம். "பாசஞ்சர்தானே அனந்து, டிக்கெட் எடுத்துண்டுதான் வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மாதம் அதே சிரிப்போடு, கண்ட்ரோலர் வேலையை ஆளுக்கு ஒரு வருஷம் என்று மாற்றிக்கொள்ளலாமே என்றான். அனந்தகிருஷ்ணன் பாவம், ஓய்வே இல்லை என்றான். என்மேல் அத்தனை கரிசனம். எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்த கண்ட்ரோலர் ஹரி என்று முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பொறுப்பேற்பவர் ஒரு நாளாவது கிணற்றில் நின்று வேலை பார்த்திருக்க வேண்டும், அது நம் சம்பிரதாயம் என்றேன். அப்படி ஒரு சம்பிரதாயம் இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. சம்பிரதாயங்களை நினைவில் வைத்துக்கொள்வது எப்போதும் என் வேலையாகவே இருந்திருக்கிறது.

முந்தின நாள் விஜயலட்சுமி போன் செய்தாள். "அண்ணா, இவருக்கு ஸ்டென்ட் வெச்சு இன்னும் வருஷம் திரும்பலை. ரொம்ப நேரம் நிக்க வெக்காதேங்கோ. மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும், நெஞ்சு வலின்னா நாக்குக்கு அடியில வெச்சா போறும்" என்றாள். கவலையே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னபடியே பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

மேஜைக்குப் போகுமுன் சட்டைப் பையிலுள்ளதையெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டுவிட வேண்டும். குனியும்போது சாவியோ சில்லறையோ தண்டவாளத்தில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். ஹரியும் போனையும் சாவியையும் மாத்திரை டப்பாவையும் தட்டில் போட்டான். தட்டு என் பக்கத்தில் இருந்தது. ஃபேனையும் நிறுத்தினோம், காற்றடித்தால் மரத்தூளில் செய்த புல் பறக்கும். மே மாதம்தான், இருந்தாலும் விதி எல்லா மாதத்துக்கும் பொது. வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் வாயால் பேசக் கூடாது, பெல் அடித்துத்தான் தகவல் சொல்ல வேண்டும்.

மெயில் மலையேறிக்கொண்டிருந்தபோது கிணற்றிலிருந்து பெல் வந்தது. ஒரு தரம் அடித்தால் 'கவனி' என்று அர்த்தம். கவனித்தேன் என்று பதில் பெல் அடித்தேன். கிணற்றில் நிற்பவரை மலை மறைத்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியாது. கூரையில் நான் மாட்டியிருக்கும் கண்ணாடியில் எனக்கு மட்டும் தெரியும். ஹரி ஒரு கையால் கண்டாலாவைப் பிடித்துக்கொண்டிருந்தான், மறு கை நெஞ்சில் இருந்தது. மேஜைமேல் சாயக் கூடாது என்று பல தரம் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி பெல். பிறகு "அனந்து" என்று மெல்லக் கூப்பிட்டான். வண்டி ஓடும்போது பேசினால் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். அன்று அந்தத் தண்டனையை நான் விதிக்கவில்லை. இப்படி ஒரு சலுகையை யாருக்கும் கொடுத்தவன் இல்லை நான்.

கர்ஜத் ஸ்டேஷனில் இருந்த கலைச்செல்வி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், ஹரி சார் குரலே என்னமோ போல இருக்கு" என்றாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். தாராவியில் தோல் பை தைக்கும் அப்துல் வாஹித் தன் இடத்தை விட்டுவிட்டே வந்துவிட்டார். பலகையைப் பிடித்து இழுத்தார். "பூட்டிக் கெடக்கே சார், தொறந்து விடுங்க" என்றார். நான் சிவப்பு விளக்கைக் காட்டினேன். மனிதர் விதியை மதிப்பவர். பலகையில் கையை வைத்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கு அணையவில்லை. கடைசியில் அவர் ஸ்டூலைத் தூக்கிப் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தபோது ஹாலில் எல்லோரும் அழுதார்கள். பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை இன்னும் யாரும் சரி செய்யவில்லை.

நீங்கள் நேற்றே கேஸை முடித்திருப்பீர்கள். மாரடைப்பு, சந்தேகம் ஒன்றுமில்லை. நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் இரங்கல் கூட்டத்தில் கலைச்செல்வி எழுந்து, "அனந்து சாரைத் தப்பு சொல்லாதீங்க. வயசாயிடுச்சு, பதட்டத்துல எந்த சுவிட்சுன்னு தெரியாம தட்டிட்டாரு" என்றாள். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். விஜயலட்சுமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல என்ன தப்பு அண்ணா" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் காலையில் நானாகவே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் கேட்டீர்கள், "மெயிலு போயி முடிஞ்ச பொறவும் வெளக்கு ஏன் சார் எரிஞ்சுது?" என்று. சரியான கேள்வி. சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெயில் கண்டாலாவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பூட்டு திறக்கும் முன்பே நான் கர்ஜத்திலிருந்து இன்னொரு வண்டியைக் கிளப்பினேன். காலிப் பெட்டிகள். டைம்டேபிளில் இல்லாத ஸ்பெஷல். அது மேலே போனதும் எதிர்த் திசையில் இன்னொன்று. கண்ணாடியில் ஹரியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவன் அசைவது நின்றபின் மூன்றாவதையும் அனுப்பினேன். எல்லாம் திட்டமிட்டபடி நடந்தது. ஒரு பெட்டிகூடத் தடம் புரளவில்லை.

கொலை என்று எழுதுவது உங்கள் இஷ்டம், சார். பதற்றத்தில் தவறான சுவிட்சைத் தட்டிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் கண்ட்ரோலில் இதுவரை ஒரு தவறும் நடந்ததில்லை.