முடிவெடுக்காதோர் மூலையில் மார்லிஸ்

பார்வை ஒன்றாலேயே இந்த ஏலக் கொட்டகையை அடக்கி ஆளும் அவைத்தலைவர் லவோன் ஷ்மிட்கே அம்மையார் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மாவட்டச் சபை வேட்பாளர்கள் டுவைட் பால்சன் அவர்களே, மார்லிஸ் ஹேகடோர்ன் அவர்களே! சோளம் விதைத்து முடித்த கையோடு, அந்தக் கையைக் கழுவக்கூட நேரமின்றி ஓடோடி வந்திருக்கும் உழவர் பெருமக்களே! பன்றிக்குத் தீவனமும் வைத்து, பாதிரியாருக்குப் பதிலும் வைத்திருக்கும் எங்கள் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து முழங்கால் வலியோடு முழுக் கூட்டத்தையும் கேட்கத் துணிந்த மூத்தோர்களே! பிளம் கிரீக் ஊரின் பெருங்குடி மக்களே! உங்கள் மாட்டு ஏலக்காரன் டெல்மர் குரூட்டின் பணிவான வணக்கம்.

யாரது, பின்னால் கைதட்டுவது? இன்னும் நான் ஒன்றுமே சொல்லவில்லையே! பேச்சை முடிக்கச் சொல்லித் தட்டுகிறீர்களா? முடியாது ஐயா. ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை நம் கட்சியின் உள்தேர்தல். மேடையில் இருக்கும் இருவரில் ஒருவரை நாம் வேட்பாளராக்க வேண்டும். யாருக்குப் போடுவது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்லப்போவதில்லை. ஒரு வாக்காளரின் கதையைச் சொல்லப்போகிறேன். வாக்காளர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்த வாக்காளர். என்னைத் தோற்கடித்த வாக்காளர்!

ஜனாதிபதியாகி நாட்டை ஆள நினைப்பவர் எவராயினும் முதலில் நம் அடுக்களைக்குள் குனிந்து வரவேண்டும். இது நம் அயோவாவின் பெருமை அல்லவா? அப்படித்தான் இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஆளுநர் கிராண்ட் வெஸ்லர் மார்லிஸ் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். ஆப்பிள் பை சாப்பிட்டார். "அயோவாவிலேயே இதுதான் சிறந்த பை" என்றார். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார். அடுத்த வீட்டுப் பை கடையில் வாங்கியது! சிரிக்காதீர்கள், அன்று நானும் அவர் பக்கத்தில்தான் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓடைப் பாலத்தை மூடிய நாளிலிருந்து, கிழக்குப் பண்ணைப் பிள்ளைகள் இருட்டில் எழுந்து, உறக்கத்தோடு ஏறி, ஊரையே சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். ஆகவே அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எங்க பாலத்துக்கு என்ன வழி?" ஆளுநர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, கண் கலங்க, "நான் கட்டித் தருகிறேன்" என்றார். என்ன குரல்! என்ன கனிவு! அடுப்பும் உருகியிருக்கும்.

மறுவாரம், அதே பதவிக்குப் போட்டியிட்ட செனட்டர் ரூத் கெண்டல் வந்தார். வருகிற வழியிலேயே கார் பனிப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. மார்லிஸ்தான் டிராக்டரால் இழுத்து வெளியே எடுத்தார். அதே மேசை. அதே கேள்வி. அந்த அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பாலம் உங்க மாவட்டச் சபையோடது. ஜனாதிபதி ஆனாலும் நான் கட்ட முடியாது. கட்டுறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க." ஆப்பிள் பையையும் பாதி தின்று வைத்துவிட்டுப் போய்விட்டார். மார்லிஸுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "பள்ளத்துலயே விட்டிருக்கணும் அந்த அம்மாவை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கோ ஒரே ஆனந்தம்! ஏனென்றால் வெஸ்லர் அணிக்கு நான்தான் தலைவன். மார்லிஸின் கணவர் ஓரின் என் வலக்கை. "என் பொண்டாட்டி நம்ம பக்கம்தான், எழுதி வச்சுக்க" என்று ஓரின் மார்தட்டினார். ஓரின், ஏன் தொப்பியை இறக்கி முகத்தை மறைக்கிறீர்? நிமிர்ந்து உட்காரும்!

வந்தது, அவர்களில் யார் நம் கட்சி வேட்பாளர் என்று ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும் அந்த மாலை. பள்ளியின் பந்தாட்டக் கூடம். வெளியே பனி, உள்ளே ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை. நம் முறைதான் உங்களுக்குத் தெரியுமே! இங்கே சீட்டு இல்லை, திரை இல்லை, ஒளிவு இல்லை, மறைவு இல்லை. யாரை ஆதரிக்கிறோமோ அவருக்குரிய மூலையில், அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் பார்க்க, உடம்போடு போய் நிற்க வேண்டும். போதிய ஆள் சேராத மூலை கலைந்துபோக வேண்டும்.

எங்கள் மூலை நிரம்பி வழிந்தது. ரூத் கெண்டல் மூலையில் ஒரே ஓர் ஆள் குறைந்தது. முடிவெடுக்காதோர் மூலையில் யார் நின்றார்? மார்லிஸ். தன்னந்தனியாக, பனிக்காலணியோடு, கையைக் கட்டிக்கொண்டு! அவர் எங்களிடம் வந்தால் ரூத் அணி கலையும். அங்கே போனால் பிழைக்கும். கூடம் முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது. கடன் கொடுத்த வங்கிக்காரர் ஒரு மூலையில். பேருந்து வேலை கொடுத்தவர் ஒரு மூலையில். கட்டிய கணவன் என் மூலையில். அந்த நிலையில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்றால் கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவியிருப்பேன்.

நான் தட்டு நிறைய இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"மார்லிஸ், இந்தா, சூடா இருக்கு. ஒண்ணை எடுத்துக்கிட்டு அப்படியே இந்தப் பக்கம் வந்துடு."

"ரொட்டி கெடக்கட்டும் டெல்மர். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் கொட்டகைக்கு நொண்டி மாடு வந்தா என்ன பண்ணுவே?"

"இது என்ன கேள்வி? விலை கேக்குறதுக்கு முன்னாடியே, இது நொண்டின்னு சத்தம் போட்டுச் சொல்லிடுவேன்."

"சொல்லாம வித்தா?"

"அப்புறம் எவன் என் கொட்டகைப் படி ஏறுவான்?"

"சரி. உன் ஆளு சொன்ன பாலம் நொண்டியா, இல்லையா? விலை கேக்குறதுக்கு முன்னாடி சொல்லு."

பெரியோர்களே! என் தந்தை நின்று ஏலம் விட்ட வளையத்தில் நிற்பவன் நான். இந்த மாவட்டத்தில் என் வாய்ச்சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கன்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னாலிருந்து ஓரின் கத்துகிறார், "டெல்மர், வாயைத் திறந்துடாதே!" என்று. கையிலிருந்த தட்டில் ரொட்டி ஆறிக்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்வேன்?

"நொண்டிதான் மார்லிஸ். பாலம் அவர் கையில இல்லை."

ஓரின் தலையில் அடித்துக்கொண்டார்.

மார்லிஸ் தலையசைத்தார். "இதைச் சொன்னதுக்குத்தானே அந்த அம்மா மேல நான் கோபப்பட்டேன்" என்றார். பிறகு நேரே கணவரிடம் போனார். "ஓரின், அடுப்புல சூப் இருக்கு. கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் படுத்துடாதே" என்றார். என் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். அதைத் தின்றுகொண்டே கூடத்தின் குறுக்கே நடந்து ரூத் கெண்டல் மூலையில் போய் நின்றார்!

தன் கோபத்தை எதிர்த்து நடந்த நடை அது! தன் வீட்டையும் மீறி நடந்த நடை அது! பிடித்த பேச்சை விட்டுப் பிடிக்காத உண்மையின் பக்கம் நடந்த நடை அது! தோற்றவன் சொல்கிறேன், அன்று எனக்கே கைதட்டத் தோன்றியது. தட்டு கையில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ரூத் கெண்டல் நாட்டை ஆளவில்லை. வெஸ்லரும் ஆளவில்லை. பாலம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. ஆனால் அது யார் வேலை என்று தெரிந்துகொண்ட அந்தப் பெண்மணி சும்மா இருந்தாரா? அந்த மாவட்டச் சபைக்கே போட்டியிட வந்து இதோ உட்கார்ந்திருக்கிறார்!

அவசரப்படாதீர்கள். டுவைட் பால்சனும் என் நண்பர். என் பன்றிக்கூடம் தீப்பற்றியபோது முதல் வாளியோடு ஓடிவந்தவர் அவர். ஆகவே என் தொழில்முறைப்படி இருவர் குறையையும் விலைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். டுவைட்டுக்கு யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராது. மார்லிஸுக்கு "ஆகட்டும்" என்று சொல்ல வராது. பிடிவாதம் வேறு, ஓரினைக் கேளுங்கள்.

என்ன ஓரின், எழுந்து நிற்கிறீர்? பேச வேண்டுமா? பேசும், பேசும்.

"மார்லிஸ், வீட்டுல கேட்டா சொல்ல மாட்டேங்குற. இங்க எல்லார் முன்னாலயும் கேக்குறேன். நீ ஜெயிச்சா நம்ம பாலம் எப்போ?"

மார்லிஸ் அம்மா, ஒலிவாங்கியைப் பிடியுங்கள்.

"வடக்குப் பக்கம் ரெண்டு பாலம் நம்மளதைவிட மோசமா நிக்குது ஓரின். அதுமேல இன்னும் பேருந்து போகுது. முதல்ல அது ரெண்டும். நம்மளது அப்புறம்தான்."

கேட்டீர்களா? சொந்தப் பாலத்துக்காகப் போட்டியிட வந்தவர், வாக்குக் கேட்கிற மேடையில், சொந்த ஊரார் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல்லைக் கேட்டீர்களா? இதைக் கேட்டு நாலு வாக்குக் குறையலாம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தும் சொன்னார்!

ஓரின், இப்போது என்ன சொல்கிறீர்?

"யோசிக்கிறேன் டெல்மர்."

யோசியும் ஐயா, நன்றாக யோசியும்! மனைவியே போட்டியிட்டாலும் யோசித்துப் போடுகிற ஊர் இது. அந்த யோசனைக்கு முன்னால் ஆளுநரும் செனட்டரும் குனிந்து நிற்கட்டும். பின்மேசையில் பட்டைச் சுருள் ரொட்டி இருக்கிறது, இரண்டு வேட்பாளர் சார்பிலும் என் செலவு. தின்றுவிட்டு, யாருக்கும் கடன்படாமல் செவ்வாய்க்கிழமை வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், என்னைத் தோற்கடித்த அந்தப் பனிக்காலணிகளுக்கும் என் நன்றி. வணக்கம்.