சுயாதீனமான ஒரு சான்று

இந்தப் பிளேன்ரீயில் சீனி கூடிவிட்டது, ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன்.

நான் பாலையூற்றில் பொருளியல் ரியூஷன் கொடுப்பவன். மிச்ச நேரத்தில் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். யாருடைய வாழ்க்கை வரலாறு அதில் இருக்கலாம், யாருடையதை நீக்கலாம் என்று தீர்ப்பெழுதுவது என் பொறுப்பு. ஒரு பாடகர் வீட்டு வாசலுக்கே வந்து ஏசிவிட்டுப் போயிருக்கிறார்.

பேராசிரியர் ஸைனுலாப்தீன் எனக்குப் படிப்பித்தவர். கரைவலையில் அகப்படும் மீனை வலைக்காரரும் இழுப்பவர்களும் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவருடைய பக்கத்தை நீக்கும்படி யாரோ கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். அவர் எழுதியதும் அவருடைய மாணவர்கள் எழுதியதும் சான்றாகாது. தொடர்பில்லாத ஒருவர் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஒருத்தனும் எழுதவில்லை.

கிண்ணியாவிலிருந்து பேராசிரியர் சேர் அடிக்கடி போன் எடுத்தார்.

"மகன், என்ட பக்கம் நிக்குமா? பேத்தி மின்ஹா பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் காட்டிட்டாளாம்."

"பாக்கிறன், சேர்."

"தீர்ப்பு எழுதிறது நீங்கதானே? சும்மா விட்டா என்ன?"

"ஏலாது சேர். விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

வேறு யாராவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல. பேராசிரியர் உயிரோடு இருக்கும்வரை பத்திரிகைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. இறந்தால் அரைப் பக்கத்துக்கு இரங்கல் கட்டுரை வரும். அது சுயாதீனமான சான்று.

நிலாவெளியில் வள்ளம் எடுத்து, கரைவலை இழுப்பதைக் கடலிலிருந்து பார்ப்போம் என்று கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. மிதவை அங்கி ஒன்றுதான் இருந்தது, அதை நான் போட்டுக்கொண்டேன். வலையைக் காட்டுவதற்காக அவர் எழும்பி நின்றபோது முதுகில் கை வைத்தேன். பெலத்துத் தள்ளவில்லை.

வலை இழுப்பவர்கள் கரையில் கடலைப் பார்த்தபடி பின்னால் நடந்துதான் இழுப்பார்கள். சேரின் புத்தகத்திலேயே அது இருக்கிறது. எனக்கு நினைவு வரவில்லை. அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் இரங்கல் கட்டுரை வரவில்லை. எல்லாப் பத்திரிகையும் கொலையைத்தான் எழுதின, ஆய்வைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் விதிப்படி, ஒரே சம்பவத்தால் பெயர் வெளியே வந்தவருக்குத் தனிப் பக்கம் கிடையாது. நீங்கள் என் வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்புதான் அவருடைய பக்கத்தை நீக்கினேன். அழுதுகொண்டேதான் நீக்கினேன், ஐயா.

என்னைப் பற்றி ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள் என்று உங்கள் கொன்ஸ்தாபிள் சொன்னார். சான்றுகள் தாராளமாக இருக்கின்றனவாம். தன் பக்கத்தில் தானே கை வைப்பது முறையல்ல, ஆகவே உங்களிடம் கேட்கிறேன். என் ஊர் நிலாவெளி என்று அதில் போட்டிருக்கிறார்களாம்; அல்ல, இறக்கக்கண்டி. வீட்டு அலுமாரியில் அதில் இருக்கும் என் படத்தைவிட நல்ல படமும் இருக்கிறது. ஒரே சம்பவம்தானே என்று யாராவது நீக்கக் கேட்பார்கள். என் விஷயம் வேறு என்று சொல்லுங்கள்.