ஓரம் வெட்டாத மடல்

அளவெடுக்கும் கண்ணே! அரை மில்லிமீற்றர் பிசகினாலும் அட்டையை முதலிலிருந்து வெட்டும் அடங்காத பிடிவாதமே! லண்டன் தோர்ண்டன் ஹீத் படச்சட்டப் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் தேநீரையும் எங்கள் தவறுகளையும் ஒரே முகத்தோடு சகித்த பெருந்தகையீர், இன்று விடைபெறும் பெனிற்றா அக்கா!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடையைக் கட்டிவிடுவீர்கள். ஆகவே கைப்பையை ஒளித்துவிட்டோம். 'நீங்கள்' என்பதையும் இந்த வரியோடு விட்டு, யாரோ ஒரு பெனிற்றாவின் கதையாகச் சொல்கிறோம்.

மன்னாரிலிருந்து வந்து அவர் இங்கே சேர்ந்தபோது, பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் திருக்குடும்பப் படங்களும், பிள்ளைகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளின் புகைப்படங்களுமே. படம் பெரிதென்றால் ஓரத்தை வெட்டுவது வழக்கம். சூசையப்பர் ஒருநாளும் முறைப்பாடு செய்ததில்லை. நான்காம் ஆண்டில் ஒரு கனவான் யப்பானிய மரக்கட்டை அச்சுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். மழையில் ஒரு பாலம், கீழே ஆழ்ந்த நீல ஆறு. லண்டன் யப்பான் மோகத்தில் திளைத்த காலத்தில் அவருடைய பாட்டனார் வாங்கியது. வீட்டிலிருந்த தங்கமுலாம் பூசிய பழைய சட்டத்துக்குள் அதைப் போடவேண்டும் என்றார். படம் ஒரு விரல் அகலம் பெரிது. பெனிற்றா கத்தியை எடுத்தார், ஒரே இழுப்பு. கனவான் மகிழ்ந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

குப்பைக்கூடைக்குப் போகவிருந்த துண்டைப் பிறகுதான் பெனிற்றா விளக்கின் கீழே பார்த்தார். வெள்ளை ஓரத்தில், நீல மையில், ஒரு பெருவிரல் அடையாளம். தாளைப் பலகையிலிருந்து உரித்த அச்சுக்காரரின் விரல். "ஐயோ, ஒரு மனிசன்ரை கையையெல்லே வெட்டிப்போட்டன்" என்று தனக்குத்தானே சொல்லி, அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

துண்டு ஒரு கடித உறைக்குள் போய், அவருடைய மேசை லாச்சிக்குள் இருபத்திரண்டு ஆண்டுகள் கிடந்தது. அன்றிலிருந்து யப்பானியப் படங்களைப் பற்றி அவர் வாசிக்காத புத்தகம் குறைவு. அந்த நீலச் சாயமே பேர்லினில் பிறந்து, கப்பலேறி யப்பானுக்குப் போனது. யப்பானியர் அதில் கடலும் மழையும் அச்சடித்து அனுப்ப, ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் வாய் பிளந்து நின்றார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் பெனிற்றா சிரிப்பார். துண்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

சென்ற மாதம் அந்தக் கனவானின் மகள் வந்தார். தந்தை காலமாகிவிட்டார்; சட்டத்தின் கண்ணாடி வெடித்திருக்கிறது, மாற்றவேண்டும் என்றார். பெனிற்றா வேலையிலிருந்து இளைப்பாற இன்னும் மூன்று கிழமை. அன்றுதான் உறையை எடுத்து எங்கள் முதலாளி யோகராஜா அண்ணையிடம் காட்டினார்.

"பேசாமல் விடுங்கோ அக்கா. உங்களுக்கும் கெட்ட பேர், கடைக்கும் கெட்ட பேர். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் அண்ணை.

"நான் வீட்டை போயிடுவன். இந்தக் கை எங்கை போறது?"

பெனிற்றா உறையை அந்தப் பெண்ணின் முன்னே வைத்து, வெட்டியது தான்தான் என்றார். அந்தப் பெண் கோபப்பட்டார், அதை மறைக்கவுமில்லை. பிறகு அந்த நீல அடையாளத்துக்கு மேலே தன் பெருவிரலைத் தொடாமல் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டார்.

மெல்லிய யப்பானியத் தாளும் மாப்பசையுமாக மூன்று நாள் வேலை. பொருத்திய கோடு தெரிகிறது. "மறைக்க ஏலும். மறைக்கமாட்டன்" என்றார் பெனிற்றா. படம் எளிய மரச்சட்டத்துக்குள் முழு ஓரத்தோடு வீடு போயிற்று. இனிப் பொருந்தாத தங்கச் சட்டத்தை அந்தப் பெண் எங்களிடமே விட்டுப்போனார்.

இனி மறுபடியும் நீங்கள், அக்கா. இந்த மடலை அந்தத் தங்கச் சட்டத்துக்குள் போட்டுத்தர ஆசைப்பட்டோம். தாள் ஒரு விரல் அகலம் பெரிதாகிவிட்டது. யோகராஜா அண்ணை கத்தியை எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், வைத்துவிட்டார். ஆகவே வழக்கத்துக்கு மாறாக, சட்டமில்லாமலே தருகிறோம்.

கண்ணொளி குன்றாது, கைநடுக்கம் காணாது, முழங்கால் நோவு அண்டாது, நெடுங்காலம் நிறைவோடு வாழ்வீராக! உங்களை விட்டு இந்தப் பட்டறை எப்படி நடக்கப்போகிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

கையொப்பங்களைக் கீழே தேடவேண்டாம். ஓரத்தில் ஐந்து நீலப் பெருவிரல்கள் இருக்கின்றன. அழுக்கென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

ஓரத்தில் விரல் வைத்தவர்கள்,
யோகராஜா, எட்வேட், பியற்றிஸ், குமுதா, டிலுக்சன்
தோர்ண்டன் ஹீத், லண்டன்