கர்ட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

கைத்துப்பாக்கி வாங்க வருகிறவன் முதலில் பார்க்க வேண்டியது குழலை அல்ல, தன் மணிக்கட்டை. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. குழல் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, குண்டை வைத்து, கோலால் கெட்டித்துச் சுடுகிற பழைய மாதிரித் துப்பாக்கிகளுக்கு முன்பக்கம் கனம் அதிகம். கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் முனை தாழ ஆரம்பித்துவிடும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கிப் போனவர்கள் அடுத்த மாதமே அதைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு பொழுதுபோக்குத் தேடுவார்கள்.

நீங்கள் வேட்டைக்குப் போகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஷெரீஃப். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிற பெண்ணுக்கும் வசதியாக இருக்கும்.

பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் கிளப்பில் சுடும் வரிசைக்கு நான்தான் பொறுப்பு. யார் எப்போது சுடலாம், யார் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. கென்டக்கியின் இந்தப் பக்கத்து மலைகளில் புதிதாகத் துப்பாக்கி வாங்குகிற யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவதில்லை. வெர்னல் டாக்கெட் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர்.

கர்ட்டை என் மகள் ரொவீனாதான் கூட்டி வந்தாள். போன வசந்தத்தில், ஈஸ்டருக்கு மறு வாரம். ஒஹாயோக்காரன். கொலம்பஸில் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவன் தொழில். மெலிந்த ஆள், காது கொஞ்சம் பெரிது. என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டான்.

"அப்பா, இவரை உங்க கிளப்புக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் ரொவீனா. "நீங்க ரெண்டு பேரும் பழகணும்னு எனக்கு ஆசை."

என் மனைவி போனதிலிருந்து ரொவீனாதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். முப்பத்தொரு வயது. நான் அவளை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. கல்லூரிக்குப் போகிறேன் என்றபோதுகூட நான் தடுக்கவில்லை. அந்த வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்தது, அவளே போகவில்லை. அவ்வளவுதான்.

கர்ட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது அருமையான துப்பாக்கி. இதில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு. இலக்குக்கு மட்டும் என்றால் சின்ன வாய் போதும், மருந்து குறைவு, கை அதிராது. மான் வேட்டைக்கும் வேண்டும் என்றால் வாய் அகலமாக இருக்க வேண்டும், குழல் நீளமாக இருக்க வேண்டும், பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். ஒரே குழல், ஒரே குண்டு. இரண்டாவது குண்டு கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும். ஆகவே ஆள் நிதானமானவனாக இருக்க வேண்டும். துப்பாக்கி விற்கிற என் கிளப் நண்பன் ஹோபர்ட்டின் கடையில் ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நீட்டச் சொன்னேன். கண்ணைத் திறந்தால் குறி நேராக நிற்க வேண்டும். ஒன்று நின்றது. அதையே எடுக்கச் சொன்னேன்.

பல் செய்கிறவன் கை அல்லவா, அவன் கை நடுங்கவே இல்லை. கோடை முடிவதற்குள் நன்றாகச் சுட ஆரம்பித்துவிட்டான். மருந்தை அளந்து போடுவதையும், குண்டு அடிவரை இறங்கியதா என்று கோலில் போட்ட கோட்டைப் பார்த்து உறுதி செய்வதையும் நான் ஒரு முறை சொன்னதுதான், மறக்கவில்லை. விசையை அழுத்தியும் வெடிக்காமல் போனால் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொடுத்திருந்தேன். துப்பாக்கியின் சுத்தியல் அடித்து, நெருப்புப் பொறி தருகிற கேப்பு பொரிந்தாலும் உள்ளே மருந்து சில சமயம் தாமதமாகத்தான் பிடிக்கும். அதுவரை முனை இலக்கைப் பார்த்தே நிற்க வேண்டும். அந்த விதியைக் கிளப்பின் பலகையில் எழுதி மாட்டியவனே நான்தான்.

ஆகஸ்டு போட்டியில் அவன் சுட்ட இலக்குத் தாள் என் தாளைவிட நன்றாக இருந்தது. ஹோபர்ட் இரண்டையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ஏய் வெர்னல், உன் நாற்காலிக்கு ஆள் வந்தாச்சுடா. இனிமே நீ வீட்ல உக்காந்து பீன்ஸ் உரிக்கலாம்."

"அவருதான் எனக்குக் கத்துக்கொடுத்தாரு" என்றான் கர்ட்.

"அதான் தம்பி தப்பு. மகளையும் கொடுத்து, வித்தையையும் கொடுத்தா கிழவனுக்கு என்ன மிஞ்சும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் ரொவீனா விஷயத்தைச் சொன்னாள். நவம்பரில் கல்யாணம், பிறகு கொலம்பஸ். பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்றேன்ப்பா. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவோம்."

"நல்லதும்மா" என்றேன்.

அக்டோபரில் பழைய மாதிரித் துப்பாக்கிகளுக்கு மட்டும் மான் வேட்டை திறப்பார்கள். கர்ட்டுக்கு அது முதல் வேட்டை. என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு சரிந்த ஓக் மரத்துக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்துவிட்டு நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். பனி விலகும் நேரத்தில் ஒரு பெண்மான் வந்தது. பக்கவாட்டில், கிட்டத்தில், கேட்டு வாங்கினதுபோல நின்றது. அவன் அவசரப்படவில்லை. மூச்சை விட்டு நிறுத்தி, அழகாகச் சுட்டான்.

குண்டு வயிற்றில் பட்டது.

வயிற்றில் பட்ட மான் உடனே சாகாது. அது போய்க்கொண்டே இருக்கும். புதருக்குள்ளும் ஓடைக்குள்ளும் அதன் பின்னாலேயே போனோம். கர்ட் வழியெல்லாம் "ஐயோ சார், ஐயோ சார்" என்று புலம்பிக்கொண்டே வந்தான். பிற்பகலில்தான் பிடித்தோம். தலையை நிமிர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. முடித்து வைக்க அவனுக்குக் கை வரவில்லை. நான்தான் செய்தேன். ஒரு பிராணி கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அன்று இரவுச் சாப்பாட்டில் நடந்ததை அப்படியே ரொவீனாவிடம் சொன்னேன். எதையும் கூட்டவில்லை. மான் எப்படிப் பார்த்தது என்பதையும் சொன்னேன். கர்ட் சோள ரொட்டியைத் தொடவே இல்லை. இப்படிப்பட்டவன் கையிலா உன்னைக் கொடுப்பது என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளுக்கே தோன்றும் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்காக அழுவுற மனுஷன்தான் எனக்கு வேணும்" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசைப்படி முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வேட்டைக்கு முந்தின நாள் கர்ட்டின் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் தருவதாக வாங்கி வைத்திருந்தேன். குழலின் பின்பக்கம், சுடுகிறவன் பக்கமாக, குறி பார்க்கிற பள்ளம் வெட்டிய சின்னத் தகடு ஒன்று உண்டு. அதைப் பித்தளை ஆணி வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு மயிரிழைதான் பக்கவாட்டில் நகர்ந்தது. நல்ல வேட்டைக்காரன் புறப்படுமுன் ஒரு தடவை சுட்டுப் பார்த்திருப்பான். அவன் என்னை நம்பிவிட்டான். அது அவனுடைய குறை.

நான் தட்டியதால்தான் மான் கஷ்டப்பட்டது என்று நீங்கள் சொல்லலாம். சுட்டது அவன்.

கர்ட் அதோடு விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவன் விடவில்லை. அடுத்த வாரம் கிளப்புக்குத் தனியாகப் போய், மேஜைமேல் மணல் மூட்டை வைத்து, துப்பாக்கியை அதில் அசையாமல் இருத்திச் சுட்டுப் பார்த்திருக்கிறான். எல்லாக் குண்டும் ஒரே பக்கமாகப் போயிருக்கின்றன. பல்லில் தாள் கனத்துக்கு வித்தியாசம் பார்க்கிற கண்ணுக்கு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருந்த பித்தளைக் கீறலும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் நான் கிளப்பைத் திறந்தபோது வந்தான். வேறு யாரும் வந்திருக்கவில்லை. ஹோபர்ட் எப்போதும் தாமதமாகத்தான் வருவான். நான் என் துப்பாக்கியைக் கெட்டித்துக்கொண்டிருந்தேன். அவன் தன்னுடையதை மேஜைமேல் வைத்தான்.

"சார், இதை யாரோ தட்டியிருக்காங்க."

நான் குண்டைக் கோலால் கெட்டித்துக்கொண்டே இருந்தேன்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும். முதல்ல ரொம்பக் கோவம் வந்துச்சு. ராத்திரியெல்லாம் அந்த மானே கண்ணுல நின்னுச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். உங்க இடத்துல நான் இருந்தா, என் மகளை ஒருத்தன் தூக்கிட்டுப் போறான்னா, நானும் ஏதாச்சும் கிறுக்குத்தனம் பண்ணியிருப்பேன்."

"ரொவீனாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்லவும் மாட்டேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." அவன் கையை நீட்டினான். "எங்க வீட்ல மாடி ரூம் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. நீங்களும் எங்ககூடயே வந்துடுங்க. எனக்கு அப்பா இல்ல. நான் உங்களை அப்பான்னு கூப்பிடலாமா?"

அவன் கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். ஊரெல்லாம் சொல்லி என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். அதற்கெல்லாம் நான் தயாராகவே இருந்தேன். அவன் என்னை மன்னித்தான். என் கிளப்பில், நான் எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, எனக்கு ஒரு மாடி அறை தருவதாகச் சொன்னான். என் மகள் என்னுடைய சட்டைகளை மடித்துக்கொண்டு போய் அவனுடைய வீட்டு அலமாரியில் வைப்பதை நினைத்துப் பார்த்தேன்.

நீட்டிய கையைக் குலுக்கினேன். பிறகு, "ஒரு தடவை சுட்டுட்டு வர்றேன், இரு" என்றேன். அவன் எனக்கு இடப்பக்கம், விதிப்படி ஒரு அடி பின்னால் நின்றான். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டான். நான் கேப்பைப் பொருத்தினேன், சுத்தியலை இழுத்தேன், அவன் பக்கம் திரும்பினேன், சுட்டேன்.

உங்களிடம் அன்று நான் சொன்னது வேறு. கேப்பு பொரிந்தது, மருந்து பிடிக்கவில்லை, கிழவன் பதற்றத்தில் துப்பாக்கியோடு அவன் பக்கம் திரும்பிவிட்டேன், அப்போது வெடித்துவிட்டது என்றேன். எத்தனையோ பேருக்கு நடப்பதுதான். நான் எவ்வளவு கவனமானவன் என்று கிளப்பில் அத்தனை பேரும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். ஹோபர்ட் அழுதான். "வெர்னலுக்கா இப்படி நடக்கணும்?" என்று உங்கள் சட்டையையே பிடித்தானே, நினைவிருக்கும்.

பரிசோதித்த டாக்டர் குண்டு வயிற்றில் பட்டது என்று எழுதியிருந்தார். துரதிர்ஷ்டம் என்றார். அந்தத் தூரத்தில் எனக்குக் குறி தப்பாது, ஷெரீஃப்.

ஹோபர்ட் வரும்வரை கர்ட் உயிரோடுதான் இருந்தான். ஃபோன் வண்டியில் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. நான் அவனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "ஆம்புலன்ஸ்" என்றான், "கூப்பிட்டாச்சு" என்றேன். "ரொவீனா" என்றான், "வந்துகிட்டே இருக்கா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து "அப்பா" என்றான். என்னைத்தானா, செத்துப்போன தன் அப்பாவையா என்று தெரியவில்லை. ஹோபர்ட்டின் லாரி மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டபோதுதான் எழுந்து வண்டியை நோக்கி ஓடினேன். ஓடுவதை ஹோபர்ட் பார்த்தான். அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் நல்ல குளிர்காலம். ரொவீனா எங்கும் போகவில்லை. நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் பால் காய்ச்சிக் கொண்டுவந்து தருவாள். "இது உங்க தப்பில்லப்பா, உங்களை நீங்களே கொன்னுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் அழும்போது நான் அவள் தலையைத் தடவிக் கொடுப்பேன். சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்படி இருந்தோமோ அப்படி இருந்தோம்.

போன வாரம் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். கர்ட்டின் அம்மா கொலம்பஸில் தனியாக இருக்கிறாளாம். இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்களாம். "அந்த வீட்ல அவர் இருக்கற மாதிரி இருக்கும்ப்பா" என்றாள். நாளை மறுநாள் பஸ்.

அதனால்தான் காலையில் நானாகவே இங்கே வந்தேன். நீங்கள் காரணம் கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், அதில் பொய் இல்லை. அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். ஒரு அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பொய் இருக்கக்கூடாது.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வக்கீலிடம் கேட்டதை உங்களிடமும் ஒரு தடவை உறுதி செய்துகொள்கிறேன். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் அன்றே முடிந்துவிடுமாம். ஆகவே அங்கே ஒத்துக்கொள்ள மாட்டேன். குற்றமற்றவன் என்றுதான் சொல்லப்போகிறேன். அப்போது வழக்கு நடக்கும், வாய்தா போடுவார்கள், இழுக்கும். நான் ஏன் செய்தேன் என்பதற்கு ரொவீனாதான் முக்கியமான சாட்சி. அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரில் வந்துதான் அவள் நிற்க வேண்டும்.

கொலம்பஸிலிருந்து எத்தனை தடவைதான் வந்து போக முடியும்? வீடு இங்கே சும்மாதானே இருக்கிறது. அவள் தங்கிவிடுவாள்.